முதிர்ந்த காபனும் ஒரு சிறு ஜாடி பேஸ்டும்: .22 துவக்குக் குழல்களில் ஆறு மாத அனுபவம்

ஜே-பீ போர் கிளீனிங் கொம்பவுண்ட் (‘போர்’ என்பது ஆங்கிலத்தில் குழலின் உட்துளை) என்ற பேஸ்டைக் கடந்த ஆறு மாதங்களாக எங்கள் கழகத்தின் இரண்டு .22 (குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) இலக்குத் துவக்குகளில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். அமெரிக்காவின் பிரவுனெல்ஸ் நிறுவனம் விற்கும் இப்பொருள் 2 அவுன்ஸ் ஜாடியில், கிறீஸ் போன்ற பதத்தில் வருகிறது. மிக நுண்மையான உரோஞ்சும் துகள்களை எண்ணெய்ப் பசையில் கலந்து செய்திருக்கிறார்கள். அந்தத் துகள்கள் உருக்கில் பதிந்து தங்கிவிடாது என்பதையும் பெயரோடு சேர்த்தே அச்சிட்டிருக்கிறார்கள். குழலின் உட்புறத்தில் சுட்டுச் சுட்டு இறுகிப்போன காபனை அகற்றுவதற்கு இதுவரை நான் கையாண்ட பொருள்களுள் இது ஒன்றுதான் வேலையை முடித்துத் தந்தது. ஆனால், ஜாடியைத் திறந்தவுடன் எடுத்துப் பூசிவிடக்கூடிய பொருளும் இது அல்ல. எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எதைப் பார்த்துக்கொண்டு தேய்க்க வேண்டும் என்பது தெரியாதவர் கையில் ஒரு நல்ல குழலின் வாழ்நாளை இது குறைத்துவிடவும் கூடும். ஆகவே, பொருளைப் பற்றிச் சொல்வதைவிட அதைப் பயன்படுத்திய விதத்தைப் பற்றியே இங்கு கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொழும்பில் 50 மீற்றர் படுத்த நிலைச் சுடுதல் பயிலும் ஒரு சிறு குழுவின் துவக்குகளைத் துப்புரவு செய்து, எண்ணெயிட்டு, குறிப்பேட்டில் ரவைக் கணக்கு எழுதிவைக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பேசப்போகும் துவக்கு பழைய ஜேர்மன் தயாரிப்பு. ஒரு தடவைக்கு ஒரு ரவை மட்டும் இட்டு, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட் என்ற உருளைப் பூட்டைக் கையால் திறந்து மூடும் வகை. கழகத்துக்கு வருவதற்கு முன்னர் எத்தனை ஆயிரம் ரவைகள் அதில் சுடப்பட்டன என்பதற்குக் கணக்கு இல்லை.

குறை முதலில் தெரிந்தது இலக்குத் தாளில் அல்ல. எங்களுடன் பயிலும் ஒரு தங்கையின் விரல்களில்தான். ஒரு சனிக்கிழமை காலை, பத்தாவதோ பதினோராவதோ ரவையை இட்டபின் அவர் தலையை நிமிர்த்தி, "அண்ணா, போல்டை மூடேக்குள்ள ஏதோ தடக்குது. போன மாசம் இப்பிடி இல்லை," என்றார். நான் வாங்கி மூடிப் பார்த்தேன். உண்மைதான்; ரவை, குழலின் பின்முனையில் அதற்கென உள்ள அறைக்குள் வழுக்கிச் சென்று அமர வேண்டிய கடைசி இரண்டு மில்லிமீற்றரில், மணலில் கால் வைத்தாற்போல ஒரு நறநறப்பு இருந்தது. சுடாமலே ரவையை வெளியே எடுத்துப் பார்த்தபோது ஈயச் சன்னத்தின் மேல், குழலின் உட்சுவரில் வெட்டப்பட்டிருக்கும் சுருள் வரிகள் ஒழுங்காகப் பதித்த கோடுகளுக்கு இடையே, ஒரு பக்கமாகக் கரடுமுரடான கீறல்கள் இருந்தன. அன்று அவர் சுட்ட பத்தில் எட்டு ஒன்றாகக் கூடி நிற்க, இரண்டு மட்டும் காரணமின்றி வெளியே போய் எட்டாம் வளையத்தில் விழுந்திருந்தன. 50 மீற்றர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர், ஒன்பதாவதன் விட்டம் 26.4 மில்லிமீற்றர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த இரண்டு ரவைகளும் ஒரு போட்டியை எப்படிக் கெடுக்கும் என்பது விளங்கும்.

.22 ரவையின் பித்தளைக் கோது ஏறத்தாழ 15.6 மில்லிமீற்றர் நீளமானது. அது முடியும் இடத்தைச் சற்றுத் தாண்டித்தான் சன்னம் சுருள் வரிகளைப் பிடிக்கத் தொடங்குகிறது. வெடிமருந்து எரியும்போது வெப்பமும் அழுத்தமும் மிகக் கூடுதலாக இருப்பதும் அவ்விடத்தில்தான். எரிந்த மருந்தின் கரி, சன்னத்தின் மேல் பூசப்பட்டிருக்கும் மெழுகு, அதிலிருந்து உராய்ந்து வரும் ஈயம், ரவையின் விளிம்பிலுள்ள தீப்பொறிக் கலவையில் வழமையாகச் சேர்க்கப்படும் கண்ணாடித் தூள் ஆகிய யாவும் அங்கே படிந்து, அடுத்த ரவையின் சூட்டில் வெந்து, அதற்கடுத்த ரவையால் இறுக அழுத்தப்படுகின்றன. இப்படி ஆயிரக்கணக்கான தடவைகள் நடந்தபின் அங்கே உண்டாவதை அழுக்கு என்று சொல்வது பொருந்தாது. விறகடுப்பில் பல ஆண்டுகள் இருந்த இரும்புச் சட்டியின் அடியில் பிடித்திருக்கும் கரியை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அது எத்தகையது என்பது தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் இதைக் காபன் றிங் என்கிறார்கள். நாங்களும் கழகத்தில் அப்படியே சொல்கிறோம்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் செய்வதையே நானும் செய்தேன். கழகத்தில் இருந்த ஹொப்பஸ் நம்பர் 9 என்ற துப்புரவுத் திரவப் போத்தலை எடுத்தேன். 1903 முதல் விற்பனையில் இருக்கும் அத்திரவத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அன்றாடம் சுட்டபின் குழலில் மிஞ்சும் மென்மையான மருந்துக் கரியை அது நன்றாகவே அகற்றிவிடும்; அதன் வாசனை வந்தால் கழகத்தில் யாரோ துவக்குத் துப்புரவு செய்கிறார்கள் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். மூன்று இரவுகள் தொடர்ந்து, குழலின் பின்பகுதியை அதில் ஊறவைத்து, காலையில் நைலோன் பிரஷால் தேய்த்து, துணித்துண்டுகளால் துடைத்தேன். முதல் நாள் துணி கறுப்பாக வந்தது, இரண்டாம் நாள் சாம்பலாக வந்தது, மூன்றாம் நாள் வெள்ளையாகவே வந்தது. ஆனால் நறநறப்பு அப்படியே இருந்தது.

அப்போதுதான் ஓர் எளிய உண்மையை நான் முழுமையாக உணர்ந்தேன். வெந்து இறுகிய காபன் எந்தச் சாதாரணக் கரைப்பானிலும் கரைவதில்லை. அதைச் சுற்றியுள்ள மெழுகும் எண்ணெய்ப் பிசினும் கரையும். அதனால் காபன் சற்று நெகிழும், சில இடங்களில் விளிம்பு கழன்று வரவும் கூடும். ஆனால் சீனி தண்ணீரில் கரைவதுபோல அது கரைந்து ஓடிவிடும் என்று எதிர்பார்த்தால், வெள்ளைத் துணியைப் பார்த்து ஏமாந்து போவோம். திரவத்தில் குற்றம் இல்லை. அதனிடம் நாம் கேட்ட வேலைதான் தவறானது. இன்றும் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அத்திரவத்தையே பயன்படுத்துகிறேன்.

கழகத்துக்கு வரும் மூத்தவர் ஒருவர், முன்னொரு காலத்தில் .303 துவக்கு ஏந்திப் பழகியவர், "தம்பி, ஒரு கேத்தில் கொதிதண்ணியை ஊத்தி விடுங்கோ, எல்லாம் போயிடும், நாங்கள் அப்பிடித்தான் செய்தனாங்கள்," என்றார். அவர் சொன்னது அவருடைய துவக்குக்கு முற்றிலும் சரி. அக்காலத்து .303 ரவைகளின் தீப்பொறிக் கலவையில் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்தபின் குழலில் பொற்றாசியம் குளோரைட்டு என்ற உப்பு மிஞ்சும். கறியுப்பைப் போலவே அது ஈரத்தை இழுத்து ஓரிரவில் துருவை உண்டாக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். ஆகவே கொதிநீர் ஊற்றினார்கள். கொதிநீர் என்றால் குழலும் சூடாகி விரைவில் உலர்ந்துவிடும் என்ற வசதியும் இருந்தது. இன்றைய .22 ரவைகளில் அந்த உப்பு இல்லை. காபனையோ தண்ணீர் தொடுவதில்லை. இதை அவரிடம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டு, தலையசைத்து, "அப்ப நாங்கள் காபனை விட்டிட்டு உப்பைத்தான் கழுவினனாங்கள்," என்றார். எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றொரு முயற்சியை இங்கே சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு நேர்மையானதாக இராது. வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தைக்குப் போய், ஒரு கடையில் காபுரேற்றர் துப்புரவு ஸ்பிறே ஒன்றை வாங்கி வந்தேன். எஞ்சினின் காபனை எடுப்பது குழலின் காபனையும் எடுக்காதா என்ற எண்ணம்தான். துவக்கைச் சாய்த்து வைக்காமல், போல்ட் இருக்கும் பக்கமாகவே ஸ்பிறே செய்தேன். வழிந்த திரவம் பின்புறமாக ஓடி, மரக் கைப்பிடியின் மேல்பூச்சில் இறங்கி, நான் துணியை எடுத்து வருவதற்குள் வார்னிஷைச் சுருக்கி ஒரு விரல் அகலத்துக்கு மரத்தை வெளுக்க வைத்துவிட்டது. அந்த வடு இன்றும் இருக்கிறது. காபன் வளையமும் இருந்தது. ஸ்பிறே விரைவாக ஆவியாகிவிடும் என்பதால் ஊறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை என்பதையும், வழியும் திரவம் எதுவானாலும் விசை அமைப்புக்குள் இறங்கவிடாமல் குழலின் வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி துவக்கைச் சாய்த்து வைக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அதன் பின்னரே கண்ணால் பார்க்காமல் இனி எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுத்து, கழகத்தில் நால்வர் பணம் சேர்த்து, டெஸ்லொங் வகைப் போர்ஸ்கோப் ஒன்றை வரவழைத்தோம். மெல்லிய உலோகக் குழாயின் நுனியில் சிறு கமராவும், பக்கவாட்டில் பார்ப்பதற்கு ஒரு சிறு கண்ணாடியும், ஒளியும் கொண்ட கருவி அது. கணினியில் இணைத்தால் குழலின் உட்சுவர் திரை நிறையத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது என் வயிறு கலங்கியது என்றே சொல்ல வேண்டும். அறை முடியும் இடத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்குக் கறுப்பு வளையம். அது வழவழப்பான கறுப்பும் அல்ல. வற்றிய குளத்தின் சேறு வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் போல, கறுத்த செதில்களும் அவற்றுக்கிடையே வெடிப்புக் கோடுகளும் தெரிந்தன. சுருள் வரிகளின் விளிம்பு, அந்தச் செதில்களுக்கு அடியில் புதைந்து, எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் இருந்தது. மூன்றாம் நாள் வெள்ளைத் துணி வந்த குழல் அது.

போர்ஸ்கோப்பை வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெருக்கிக் காட்டும் கருவியில் எந்தக் குழலும் பயங்கரமாகவே தெரியும். புத்தம் புதிய குழலிலும் தயாரிப்பின்போது விழுந்த கருவித் தடங்கள் குறுக்குக் கோடுகளாகத் தெரியும். அவற்றை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கத் தொடங்கினால் முடிவே இராது. ஒளி பட்டால் சாம்பல் நிறத்தில் பளிச்சிட்டு, கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் அது வெறும் உருக்கு. ஒளியை விழுங்கிக்கொண்டு, கோடுகளை மூடிக்கொண்டு கறுப்பாக நின்றால் அது காபன். தகடு தகடாக, மங்கிய வெள்ளி நிறத்தில் வரிகளின் மூலையில் ஒட்டியிருந்தால் அது ஈயம். இந்த மூன்றையும் பிரித்தறிய எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன.

பேஸ்ட் எங்களுக்குக் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் வந்து சேர்ந்தது. எளிதில் தீப்பற்றும் திரவங்களையும் அழுத்த ஸ்பிறே டின்களையும் விமானப் பார்சலில் அனுப்ப முடியாது என்பதால், வெளிநாட்டு இணையக் கடைகளில் நாம் ஆசைப்படும் பல துப்புரவுத் திரவங்கள் கொழும்புக்கு வருவதில்லை. சிறு ஜாடியில் வரும் பேஸ்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. அதே பெயர் வரிசையில் போர் பிறைற் என்று குழலைப் பளபளப்பாக்கும் வேறொரு பேஸ்டும் விற்கிறார்கள். சொல்லி அனுப்பும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதபடி முழுப் பெயரையும் எழுதிக்கொடுப்பது நல்லது.

வேலையை ஒரு ஞாயிறு பிற்பகல் தொடங்கினேன். ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் சுண்டு விரலாலும் இரண்டு தடவை சரிபார்த்து, போல்டைக் கழற்றி, அறையில் இருந்த ரவைப் பெட்டிகளை வேறோர் அறைக்கு மாற்றிய பின்னரே துவக்கைத் தாங்கியில் வைத்தேன். போல்ட் இருந்த இடத்தில் கம்பிக்கு வழிகாட்டும் குழாயைப் பொருத்தினேன். இந்தக் குழாய் இல்லாமல் எவரும் கம்பியை உள்ளே விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வளையும் கம்பி, நாம் காப்பாற்ற நினைக்கும் அதே இடத்தில்தான் உரசும். கம்பியும் துண்டு துண்டாகப் பூட்டும் வகையாக இராமல், மேலுறை பூசிய ஒற்றைக் கம்பியாக இருக்க வேண்டும். பூட்டும் மூட்டுகளின் விளிம்புகள் சுருள் வரிகளைச் சுரண்டும்.

முதலில், ஊடுருவும் எண்ணெயில் நனைத்த துணியை வளையம் இருக்கும் இடம்வரை செலுத்தி அரை மணி நேரம் விட்டேன். அமெரிக்கச் சுடுநர்கள் பலர் இதற்கு க்ரொயில் என்ற எண்ணெயைப் பேஸ்டோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். எனக்குக் கிடைத்தது புறக்கோட்டைக்கு அருகே பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடையொன்றில் வாங்கிய சாதாரண ஊடுருவும் எண்ணெய்தான், அதுவே போதுமாக இருந்தது. பிறகு, தேய்ந்து ஓய்ந்த .22 வெண்கலப் பிரஷ் ஒன்றின் மேல் துணித்துண்டைச் சுற்றினேன். துணி, பிரதான வீதியில் வாங்கிய பிளனல். அது தீர்ந்தபோது பழைய பருத்திச் சாரம் ஒன்றை வெட்டிக்கொண்டேன், இரண்டும் ஒரேமாதிரியே வேலை செய்தன. சுண்டு விரல் நகத்தளவு பேஸ்டை எடுத்து, துணியின் மேல் தடவுவதோடு நிறுத்தாமல், விரலால் அழுத்தி நூலுக்குள் ஏறும்படி தேய்த்தேன். மேலோட்டமாகத் தடவினால் வழிகாட்டும் குழாயின் வாயிலேயே பாதி வழிந்துவிடும்.

கம்பியில் இரண்டு இடங்களில் ஒட்டுநாடா சுற்றி அடையாளம் இட்டிருந்தேன். ஒன்று, துணி காபன் வளையத்தைத் தொடும் இடம். மற்றது, அதைத் தாண்டி ஐந்து சென்ரிமீற்றர் போன இடம். இந்த இரண்டு அடையாளங்களுக்கு இடையிலேயே, முன்னும் பின்னுமாக இருபது குறுகிய இழுப்புகள். தொடக்கத்தில் கை அந்த நறநறப்பை உணர்ந்தது; பன்னிரண்டாவது பதின்மூன்றாவது இழுப்பில் அது மெல்லத் தணிந்து, பட்டுத் துணியில் விரலை ஓட்டுவதுபோல ஒரு வழுக்கல் வந்தது. அந்த மாற்றத்தைக் கம்பியைப் பிடித்திருக்கும் கை மறக்காது. ஆனாலும் கையை நம்பி நிறுத்தாமல், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கமராவை விட்டுப் பார்த்தேன். செதில்களில் பாதி போயிருந்தது. மேற்பகுதியில் சுருள் வரிகளின் முனைகள் வெளியே வந்திருந்தன, அடிப்பகுதியில் மட்டும் கறுப்பு நின்றது. மறுபடியும் அரை மணி நேரம் எண்ணெய், மறுபடியும் புதிய துணியும் பேஸ்டும், மறுபடியும் இருபது இழுப்புகள். இப்படி மூன்று சுற்றுகள் அன்றும், இரண்டு சுற்றுகள் மறுநாள் மாலையும். மொத்தம் நூறு குறுகிய இழுப்புகள். கடைசியில் அறையின் முடிவிலிருந்து சுருள் வரிகள் எழுந்து தொடங்கும் சரிவு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று மிஞ்சியது, அதை விட்டுவிட்டேன். அது இலக்கைக் கெடுக்காது. அதைத் துரத்திப் போனால் அதைச் சுற்றியுள்ள உருக்குத்தான் தேயும்.

இந்தப் பேஸ்டைப் பற்றி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இதைக் கொண்டு தேய்த்தால் துணி எப்போதும் கறுப்பாகவே வரும். முழுக்கச் சுத்தமான உருக்கில் தேய்த்தாலும் கறுப்பாகவே வரும், ஏனெனில் நுண்துகள்கள் உருக்கின் மேற்பரப்பை மிகச் சிறிதளவு உரோஞ்சுகின்றன. துணி வெள்ளையாகும் வரை தேய்ப்பேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவருக்கு அந்த நாள் வரவே வராது, குழல்தான் தேய்ந்துபோகும். திரவத்தை மட்டும் பயன்படுத்தியபோது வெள்ளைத் துணி என்னை ஏமாற்றியது. பேஸ்டைப் பயன்படுத்தும்போது கறுப்புத் துணி ஏமாற்றும். அதனால்தான், கமராவோ, கமரா வைத்திருக்கும் நண்பரோ இல்லாதவர் இந்த ஜாடியை வாங்காமல் இருப்பதே நல்லது என்று கருதுகிறேன்.

குழலின் வாயைப் பற்றியும் அதே அளவு கவனம் வேண்டும். பேஸ்ட் ஏறிய துணியைக் குழலின் வாய்க்கு வெளியே தள்ளி மீண்டும் உள்ளே இழுத்தால், சன்னம் கடைசியாக விட்டுப் பிரியும் அந்த விளிம்பு ஒருபக்கமாகத் தேயும். சன்னத்தின் பின்னால் வரும் வாயு ஒருபக்கமாக முந்தி வெளியேறத் தொடங்கினால், வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. முழு நீளத்துக்கும் நான் எட்டு இழுப்புகளே செய்தேன், அவற்றையும் வாய்க்கு இரண்டு சென்ரிமீற்றர் முன்பாகவே நிறுத்தினேன். மின் துளைப்பானில் பிரஷைப் பூட்டிச் சுழற்றும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இலக்குத் துவக்கில் அதைச் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். அறைக்குள் மட்டும் மிஞ்சியிருந்த கரியை, சற்றுப் பெரிய பிரஷ் ஒன்றைக் குட்டைக் கம்பியில் பூட்டிக் கையால் திருகியே எடுத்தேன்.

பேஸ்டை முழுவதுமாக வெளியேற்றுவது தேய்ப்பதைவிட நீண்ட வேலை. ஹொப்பஸில் நனைத்த துணி, பின்னர் உலர்ந்த துணி, பின்னர் மறுபடியும் நனைத்த துணி என்று ஏறத்தாழ முப்பது துண்டுகள் செலவாயின. போல்டின் பூட்டுகள் வந்து அமரும் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் பேஸ்டை காதுக் குச்சியால் எடுத்தேன். அதில் சிறிது மிஞ்சினாலும் போல்ட் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அரைத்துக்கொண்டே இருக்கும். கையுறை இல்லாமல் இந்த வேலையைச் செய்யவும் கூடாது. துணியில் வரும் கறுப்பில் ஈயமும் இருக்கிறது. பயன்படுத்திய துண்டுகளை ஒரு பையில் கட்டி வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அகற்றி, கையை முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தேநீர்க் கோப்பையைத் தொட்டேன்.

கொழும்பில் இருப்பவர்கள் வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளை அப்படியே பின்பற்றக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. துப்புரவு செய்தபின் குழலை உலர்வாக வைத்துவிடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் ஊர்க் காற்று வேறு. மே மாதத் தென்மேற்குப் பருவக்காற்றின்போது, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வீடொன்றில், புதிதாகக் காபன் நீங்கிய உருக்கை ஓரிரவு உலர்வாக விட்டேன். இரண்டாவது துவக்கில் நடந்தது இது. மறுநாள் காலை வெள்ளைத் துணியைச் செலுத்தியபோது அது தேயிலைச் சாயம்போல மெல்லிய செம்மஞ்சளாக வந்தது. காபன் படை இருந்தவரை அதுவே ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் துருவை வளர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை நீக்கியபின் அந்த இடம் முன்னெப்போதையும்விட வெறுமையாக நிற்கிறது. நல்ல வேளை, எண்ணெய்த் துணி இரண்டோடு அது போய்விட்டது, கமராவில் குழி எதுவும் தெரியவில்லை. இப்போது வேலை முடிந்த அதே மாலை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு, சுடப்போகும் காலை உலர்ந்த துணியால் அதைத் துடைத்து எடுக்கிறேன்.

இனி, பயன் என்ன என்ற கேள்வி. அடுத்த சனிக்கிழமை, முன்னர் சுட்ட அதே பெட்டியில் மிஞ்சியிருந்த அதே தொகுதி ரவைகளை அதே தங்கையிடம் கொடுத்தேன். போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மூடியது. முதல் பதினைந்து ரவைகள் இங்கும் அங்குமாக விழுந்தன. இது எதிர்பார்த்ததே, ஏனெனில் .22 குழல் முழுக்கச் சுத்தமானபின், சன்னத்தின் மெழுகு உட்சுவரில் சமமாகப் படியும்வரை ஒரு நிலைக்கு வராது. அதன் பின்னர் சுட்ட நான்கு தாள்களில், நாற்பது ரவைகளில், ஒன்றுகூட ஒன்பதாம் வளையத்துக்கு வெளியே போகவில்லை. அன்று காற்றும் அமைதியாக இருந்தது, அவரும் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தார். ஆகவே முழுப் பெருமையையும் பேஸ்டுக்கே கொடுத்துவிட மாட்டேன். ஆனால் அடுத்து வந்த வாரங்களிலும் அந்தக் காரணமற்ற இரண்டு ரவைகள் திரும்பி வரவில்லை. சுடாமல் வெளியே எடுத்த சன்னத்தின் மேல் இப்போது வரிகளின் பதிவு சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறது. கரடுமுரடான கீறல் இல்லை. எனக்கு அந்தச் சான்றே இலக்குத் தாளைவிடக் கூடுதலான நம்பிக்கையைத் தருகிறது.

பெரிய துவக்குகளைப் பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை. அவற்றின் சன்னம் செம்பு உறையிட்டது என்பதால் காபனுக்கு மேல் செம்பும் அதற்கு மேல் காபனுமாகப் படைகள் மாறி மாறிப் படியும். அங்கே செம்பை எடுக்கும் திரவத்துக்கும் தனி இடம் உண்டு. என் கையனுபவம் .22 உடன் நின்றுவிடுவதால் அதற்குள் நான் போகவில்லை.

விலையைப் பொறுத்தவரை, ஜாடியைவிட அதனோடு வேண்டியவைதான் கைக்கடிக்கும். நல்ல ஒற்றைக் கம்பி, வழிகாட்டும் குழாய், போர்ஸ்கோப் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்தப் பேஸ்டைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. தனியொருவர் வாங்குவதைவிடக் கழகமாகச் சேர்ந்து வாங்குவதே பொருத்தம். மறுபக்கத்தில், இந்நாட்டில் இலக்குத் துவக்குக்கு ஒரு மாற்றுக் குழலை வரவழைப்பதென்றால் அனுமதி, சுங்கம், வெளிநாட்டுப் பணம் என்று எத்தனை வாசல்களில் நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள், இருக்கும் குழலைக் காப்பாற்றும் செலவைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கழகத்தில் பலர் கேட்கிறார்கள். பேஸ்டுக்கு நாள் கணக்கு வைப்பதை நான் விரும்பவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் வளையம் படியும் இடத்தைத் திரவத்தில் நனைத்துக் கால் மணி நேரம் விட்டு, நைலோன் பிரஷால் பத்துத் தடவை தேய்த்துத் துடைத்துவிட்டால், மென்மையாக இருக்கும்போதே காபன் போய்விடுகிறது; பேஸ்டுக்கு வேலையே குறைகிறது. ஏறத்தாழ ஆயிரம் ரவைகளுக்கு ஒருமுறை கமராவை விட்டுப் பார்க்கிறேன். கறுப்பு தலைகாட்டியிருந்தால் மட்டும் இருபது இழுப்புகள். ஆறு மாதங்களில் முதல் துவக்குக்கு இரண்டாம் தடவை பேஸ்ட் தேவைப்படவில்லை. ஜாடியில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருக்கிறது. மூடியில் வேலை செய்த திகதிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன்; குறிப்பேட்டில் கடைசியாகக் கமரா விட்டுப் பார்த்த நாளுக்குப் பின் இதுவரை 412 ரவைகள் என்று இருக்கிறது.